சக்கர வீட்டில் வெந்நீர்

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை நேரத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இடம் அமெரிக்காவில் ஏதோ ஒரு முகாம். மரங்களுக்கிடையே வரிசையாக வண்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. ஒரு குடும்பத் தலைவர் இரவு முழுவதும் வண்டிக்குள் தூங்கி, காலையில் எழுந்து, வெந்நீரில் குளித்து, காப்பியும் குடித்து விட்டார். அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. பிறகு வெறுங்காலுடன் இறங்கி ஈரப் புல்லில் நடக்கிறார். திரும்பி வந்து கதவின் கைப்பிடியைப் பிடிக்கிறார். பிடித்த கையை அவரால் எடுக்க முடியவில்லை.

உள்ளே இருந்தவரை ஒன்றும் செய்யாத மின்சாரம், வெளியே வந்து திரும்பியவரைப் பிடித்துக் கொண்டது ஏன்? இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அந்த விடையோடு உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்க் கருவிக்கும் தொடர்பு உண்டு. ஆகவே 'அமெரிக்காக்காரன் வண்டி நமக்கெதற்கு' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்.

ஆறு வோல்ட் காலம்

1910இல் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்த கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் ஒரு மோட்டார் வண்டியை வைத்தது. பின் இருக்கையை மடக்கினால் படுக்கையாகும். முகம் கழுவ ஒரு தொட்டியும் இருந்தது. பயணத்திற்கென்றே கட்டப்பட்ட வீட்டு வண்டிகளின் மூதாதை இதுவே என்பர். 1919இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், மோட்டார் வண்டியில் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவோர் 'தகரக் குவளைப் பயணிகள்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கமே தொடங்கினர். 1936இல் வாலி பயம் என்பவர், வெள்ளியைப் போல் பளபளக்கும் அலுமினியத் தகட்டால் போர்த்திய ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்பது அதன் பெயர். அதில் மின் விளக்கும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன.

அலுமினியத் தோல் போர்த்திய வண்டியில் மின் விளக்கு என்றவுடன் நமக்குப் பயம் தோன்றலாம். ஆனால் அந்நாளைய மோட்டார் வண்டிகளின் மின்கலவடுக்கு பெரும்பாலும் 6 வோல்ட் மட்டுமே. ஈரமான கையின் வழியாகக்கூட 6 வோல்ட்டால் உடலில் ஆபத்தான மின்னோட்டத்தைச் செலுத்த இயலாது. வெந்நீர் வேண்டுமானால் அடுப்பில் பாத்திரம் வைத்தனர். பிற்காலத்தில் எரிவாயுவில் இயங்கும் சிறு கொதிகலன் வந்தது. நெருப்பைப் பற்றிய பயம் இருந்ததே தவிர, மின் அதிர்ச்சியைப் பற்றி எவரும் நினைக்கவே வேண்டியிருக்கவில்லை.

முகாம்களில் மின் இணைப்புத் தூண்கள் நடப்பட்ட பிறகே நிலைமை மாறியது. வண்டியிலிருந்து ஒரு தடித்த கம்பி வடத்தை எடுத்துத் தூணில் சொருகினால் போதும், வண்டி வீடாகி விடும். 120 வோல்ட் மாறுதிசை மின்சாரம் உள்ளே வந்தது. அதனுடன் குளிர்சாதனம் வந்தது. எரிவாயுக் கொதிகலனுக்குள்ளேயே மின்சாரத்தாலும் சூடேறும் ஒரு தண்டு வந்து சேர்ந்தது. எரிவாயுவுக்குத் தனியே காசு கொடுக்க வேண்டும், மின்சாரமோ முகாம் வாடகையில் அடக்கம். தண்டு விற்பனையானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வண்டிகளில் பரவலாகக் காணப்படும் கொதிகலன் 6 அமெரிக்க காலன், அதாவது சுமார் 23 லிட்டர் கொள்ளும். தண்டின் திறன் 1440 வாட் என்று கொள்வோம். 1440ஐ 120ஆல் வகுத்தால் 12 ஆம்பியர். 20 பாகையில் உள்ள 23 லிட்டர் நீரை 60 பாகைக்குச் சூடாக்க, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், முக்கால் மணி நேரம் பிடிக்கும். வண்டியின் மின் இணைப்பு பொதுவாக 30 ஆம்பியர். அதில் ஐந்தில் இரண்டு பங்கை இத்தண்டு ஒன்றே குடித்து விடுகிறது. பழைய தூணின் துளையில் சொருகி தளர்ந்து, அத்தொடர்பில் அரை ஓம் தடை மட்டும் இருந்தால் 12ஐ 12ஆல் பெருக்கி அதில் பாதி, ஆக 72 வாட் வெப்பம் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் உண்டாகும். இது ஒரு நல்ல பற்றவைப்புக் கோலின் வெப்பம். முகாம்களில் கருகிய சொருகிகள் சாதாரணக் காட்சி என்பதில் வியப்பில்லை.

கசியும் தண்டு

வெப்பத் தண்டின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்ப்போம். நடுவில் சுருளாக நிக்கல்-குரோமியக் கம்பி. அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி இறுகத் திணிக்கப்பட்டிருக்கும். வெளியே உலோகக் குழாய். வெப்பத்தை நன்கு கடத்த வேண்டும், மின்சாரத்தைக் கடத்தவே கூடாது என்ற இரு முரணான கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றும் பொருள்கள் இயற்கையில் மிகச் சில. இந்த வெண்பொடி அவற்றுள் ஒன்று.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். குளிர்காலம் முழுவதும் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்து விட்டு, வேனிலில் எடுத்தால், தண்டின் முனை வழியே புகுந்த ஈரத்தால் காப்புத் தடை குறைந்திருக்கும். சில மில்லி ஆம்பியர் கசிவு தோன்றும். தண்டு சூடேறியதும் ஈரம் ஆவியாகிக் கசிவும் மறைந்து விடுவதுண்டு. இன்னொரு குறை இதனினும் கொடியது. தொட்டியில் நீர் நிரப்பாமல் சுவிட்சைப் போட்டு விட்டால், வெப்பத்தைக் கொண்டு செல்ல நீர் இல்லாததால் தண்டு ஒரு சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ எரிந்து, குழாய் வெடித்து விடுகிறது. நகராத வீட்டில் இது எப்போதாவது நடப்பது. வண்டியிலோ ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் தொட்டியை வடித்து விடுகின்றனர், அடுத்த பயணத்தில் மறந்து விடுகின்றனர். பிறகு நீரை நிரப்பினால் கம்பி நேரே நீரைத் தொடும். நீர் தொட்டியைத் தொடும், தொட்டி வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடும், சட்டம் அலுமினியத் தோலைத் தொடும், தோல் கதவுக் கைப்பிடியைத் தொடும்.

வண்டி நிற்பது ரப்பர்ச் சக்கரங்களின் மேல். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே வண்டி முழுவதும் 120 வோல்ட் அழுத்தத்திற்கு உயர்ந்து நிற்கிறது. அமெரிக்கப் பயணிகள் இதைச் 'சூடான தோல்' என்று அழைக்கின்றனர். உள்ளே இருப்பவர் மின்கம்பியில் உட்கார்ந்த குருவியைப் போன்றவர். அவர் தொடும் ஒவ்வொன்றும் அதே அழுத்தத்தில் இருப்பதால் அவர் உடலில் மின்னோட்டம் இல்லை. ஒரு காலை ஈரத் தரையில் வைத்து ஒரு கையால் கதவைப் பிடிப்பவரே சுற்றை முழுமையாக்குகிறார்.

மூன்றாவது கம்பி

இதைத் தடுக்கத்தானே புவி இணைப்புக் கம்பி, அதாவது எர்த், என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அது எப்படித் தடுக்கிறது என்பதில் படித்தவர்களே தடுமாறுகின்றனர். என் வகுப்பில் ஆண்டுதோறும் இதைக் கேட்பேன். 'சார், கசிவு மின்சாரம் பூமிக்குள் போய்விடும்' என்பதே பெரும்பாலோர் விடை. மின்சாரம் பூமிக்குள் போய் எங்கே தங்கும்? அது புறப்பட்ட மின்மாற்றிக்கே திரும்பியாக வேண்டும்.

அமெரிக்க மின் விதித்தொகுப்பு 1897இல் முதன்முதல் வெளியாயிற்று. வீடுகளுக்கு வரும் இணைப்பில் ஒரு கம்பியைப் புவியோடு கட்டாயமாக இணைக்க வேண்டும் என்பது 1913இல் விதியாயிற்று. மின்மாற்றிக்குள் பழுது ஏற்பட்டு உயரழுத்தம் வீட்டுக் கம்பிகளில் பாய்ந்து விடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நடுநிலைக் கம்பி இவ்வாறு பிறந்தது. பலன் நல்லதுதான். ஆனால் அதன் விலை என்னவென்றால், அன்று முதல் நாம் நிற்கும் தரையே மின்சுற்றின் ஒரு பகுதியாகி விட்டது. உயிர்க்கம்பி ஒன்றை மட்டும் தொட்டாலும் ஆபத்து என்ற நிலை அதனாலேயே வந்தது.

ஹார்வி ஹப்பல் 1904இல் காப்புரிமை பெற்ற சொருகிக்கு முனைகள் இரண்டே. கருவியின் உலோக உடலைப் புவியோடு இணைக்கும் மூன்றாம் முனையுள்ள சொருகிக்கு பிலிப் லாப்ரே 1928இல் காப்புரிமை பெற்றார். அம்மூன்றாம் துளை அமெரிக்க வீடுகளின் சாதாரணச் சுற்றுகள் எல்லாவற்றிலும் வேண்டும் என்று விதித்தொகுப்பு சொன்னது 1962ஆம் ஆண்டுப் பதிப்பில். இடைப்பட்டது 34 ஆண்டுகள்! அதற்குப் பின்னரும் பழைய வீட்டு இரு துளைகளில் சொருக முடியவில்லையென்று மூன்றாம் முனையை ஒடித்து எறிந்தவர்கள் ஏராளம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வண்டியின் சட்டத்திலிருந்து ஒரு தடித்த செப்புக் கம்பி, வடத்தின் வழியே தூணுக்குச் சென்று, அங்கிருந்து மின் வழங்கியின் நடுநிலைப் புள்ளிவரை முறிவின்றிச் செல்வதாகக் கொள்வோம். உயிர்க்கம்பி நேராகச் சட்டத்தைத் தொட்டால், சுற்றின் மொத்தத் தடை அரை ஓம் எனில் 240 ஆம்பியர் பாயும். 30 ஆம்பியர் முறிப்பான் உடனே துண்டித்து விடும். தண்டு பாதி பழுதாகி நீர் வழியே அரை ஆம்பியர் மட்டும் கசிந்தால் முறிப்பான் அசையாது. எனினும் அந்த அரை ஆம்பியர் செப்புக் கம்பியின் 0.2 ஓம் தடையில் உண்டாக்கும் அழுத்தம் 0.1 வோல்ட்தான். கதவைத் தொடுபவருக்கு ஒன்றும் தெரியாது.

சிலர் வேறொரு வழி சொல்வர். வண்டியின் சட்டத்தோடு ஓர் இரும்புக் கோலைக் கட்டித் தரையில் அடித்து விட்டால் போதாதா? போதவே போதாது. தரையில் அடித்த கோலின் தடை 25 ஓம் இருந்தால் அது நல்ல கோல். 120ஐ 25ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். 30 ஆம்பியர் முறிப்பான் இதை ஒரு சாதாரண விளக்குச் சுமையாகக் கருதி நாள் முழுவதும் விட்டு வைக்கும். மின்சாரம் மண்ணில் வீணாகிக் கொண்டிருக்கும், வண்டியின் தோலோ ஏறக்குறைய முழு அழுத்தத்திலேயே நிற்கும். நம் ஊரிலும் கொல்லைப்புறத்தில் ஒரு குழாயை நட்டு, உப்பும் கரியும் போட்டு, நிம்மதியாக இருப்பவர்கள் பலர். குழி வேண்டியதுதான். முறிப்பானை விழச் செய்யும் என்று மட்டும் அதை நம்பி விடாதீர்கள்.

வீட்டின் எர்த் கம்பி சுவருக்குள் அசையாமல் கிடக்கிறது. வண்டியின் எர்த் கம்பியோ ஒவ்வொரு முகாமிலும் சுருட்டப்படுகிறது, மிதிபடுகிறது, சொருகிப் பிடுங்கப்படுகிறது. இதற்கு மேல், முகாமின் தூணை யார் இணைத்தார் என்பதும் நமக்குத் தெரியாது. உயிர்க்கம்பியும் நடுநிலைக் கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தால், கொதிகலனின் ஒற்றை முனைச் சுவிட்ச் நடுநிலைக் கம்பியைத்தான் வெட்டும். சுவிட்சை அணைத்து விட்டோம் என்று நீங்கள் எண்ணியிருக்க, தண்டு முழுவதும் 120 வோல்ட்டில் விழித்திருக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வண்டிக்கான 30 ஆம்பியர் துளை 120 வோல்ட்டுக்கு உரியது. ஆனால் அது பார்வைக்கு, துணி உலர்த்தும் இயந்திரத்திற்குரிய 240 வோல்ட் துளையைப் போலத் தோன்றும். வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்துவோர் உள்ளூர் மின்பணியாளரை அழைத்து ஒரு துளை அமைக்கச் சொன்னால், அவர் பழக்கத்தில் 240 வோல்ட்டை இணைத்து விடுவதுண்டு. அழுத்தம் இரு மடங்கானால் திறன் நான்கு மடங்கு. 1440 வாட் தண்டு 5760 வாட்டை விழுங்க முற்படும். மற்றக் கருவிகள் புகைந்து விடும். இதை வேடிக்கை என்றது தவறு.

கையை விட முடியாத அளவு

எவ்வளவு மின்னோட்டம் மனிதனுக்கு ஆபத்து? மின்சார நாற்காலியை 1890இல் அமைத்தவர்களுக்கே இதற்குச் சரியான விடை தெரியாது. ஜெனீவாவில் பிரெவோ, பாட்டெல்லி என்ற இருவர் 1899இல் நாய்களின் இதயத்தில் சோதனை செய்தனர். சிறிய அதிர்ச்சி இதயத்தின் கீழறைகளை ஒழுங்கற்றுத் துடிதுடிக்கச் செய்வதையும், பெரிய அதிர்ச்சி அத்துடிதுடிப்பை நிறுத்தி விடுவதையும் கண்டனர். அடுத்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவென்ஹோவன் என்னும் மின் பொறியியலாளர் இதே வழியில் பல ஆண்டுகள் உழைத்தார். நின்ற இதயத்தை மார்பின் மேல் கைகளால் அழுத்தி உயிர்ப்பிக்கும் முறை 1960இல் அவருடைய குழுவிடமிருந்தே உலகுக்குக் கிடைத்தது. மின்கம்பத்தில் ஏறிய தொழிலாளிகள் இறந்ததால் தொடங்கிய ஆராய்ச்சி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் நம் கதைக்கு வேண்டிய எண்களைத் தந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸீல். அவர் கேட்ட கேள்வி எளியது. மின்னோட்டமுள்ள கம்பியைப் பிடித்த ஒருவர், தாமாகவே கையை விட முடியாமல் போவது எந்த அளவில்? மின்னோட்டம் முன்கைத் தசைகளைச் சுருங்கச் செய்கிறது. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலிமை வாய்ந்தவை. ஆகவே கை கம்பியை மேலும் இறுகப் பற்றுகிறது. அறிவு 'விடு' என்று கட்டளையிடுகிறது, கை கேட்பதில்லை.

134 ஆண்களும் 28 பெண்களும் தாமே முன்வந்து அவருடைய சோதனைக்கு உட்பட்டனர். கையை உப்பு நீரில் நனைத்து, ஒரு கம்பியைப் பிடித்து, படிப்படியாக உயரும் மின்னோட்டத்தைத் தாங்கி, ஒவ்வொரு படியிலும் கையை விட முயன்றனர். வலியோடு கூடிய அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நொடிக்கு 60 சுழற்சியுள்ள மாறுதிசை மின்னோட்டத்தில் ஆண்களின் சராசரி சுமார் 16 மில்லி ஆம்பியர், பெண்களின் சராசரி 10.5 மில்லி ஆம்பியர். சராசரியை வைத்துப் பாதுகாப்பு அமைக்க முடியாதல்லவா? ஏறக்குறைய எல்லோருமே கையை விடக்கூடிய எல்லை என்று ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 மில்லி ஆம்பியர் எனக் கொண்டார். குழந்தைகளைச் சோதிக்க இயலாது. ஆண்களின் எல்லையில் பாதி, 4.5, என்று மதிப்பிட்டார்.

நேர் மின்னோட்டமாயின் ஆண்களின் சராசரி 76 மில்லி ஆம்பியர்வரை செல்கிறது. தசைகளையும் நரம்புகளையும் மிக எளிதில் முடக்குவது நொடிக்கு 50, 60 சுழற்சியை ஒட்டிய மின்னோட்டமே. மின்மாற்றிக்கும் விளக்குக்கும் வசதி என்று பொறியியலாளர்கள் தேர்ந்தெடுத்த அலைவெண், உடலுக்கு மிகக் கெடுதலானதாக அமைந்து விட்டது. இயற்கை சில நேரம் இப்படியும் விளையாடும்.

முகாமில் கதவைப் பிடித்தவரிடம் திரும்புவோம். ஈர உடலும் ஈரத் தரையும் சேர்ந்து 3000 ஓம் தடை தந்தாலும் அவர் உடலில் பாய்வது 40 மில்லி ஆம்பியர். கையை விடும் எல்லையைத் தாண்டி விட்டது. மூச்சுத் தசைகளும் இறுகத் தொடங்கும் அளவு. தூணிலுள்ள முறிப்பானோ 30 ஆம்பியருக்கு, அதாவது இதைப் போல் 750 மடங்குக்குக் காத்துக் கொண்டிருக்கிறது. முறிப்பான் கம்பியைக் காக்கப் பிறந்தது. மனிதனைக் காக்கப் பிறந்ததன்று.

போனதும் வந்ததும்

தீர்வு ஒரு பழைய விதியில் ஒளிந்திருந்தது. ஒரு சந்திக்குள் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று கிர்க்காப் 1845இல் கூறியதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். உயிர்க்கம்பி வழியே போனது நடுநிலைக் கம்பி வழியே முழுவதும் திரும்ப வேண்டும். குறைந்தால், குறைந்த பங்கு வேறு ஏதோ வழியில் போகிறது. அவ்வழி ஒரு மனிதனாக இருக்கலாம்.

இரு கம்பிகளையும் ஒரே காந்த வளையத்தினூடே செலுத்துங்கள். மின்னோட்டங்கள் எதிரெதிராகச் செல்வதால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். ஒரு சிறு வேறுபாடு தோன்றினால் வளையத்தில் காந்தப் பாயம் எழும். வளையத்தின் மேல் சுற்றிய மூன்றாம் சுருளில் அது ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். அதைக் கொண்டு சுவிட்சைத் தட்டி விட வேண்டியதுதான். கருத்து எளிது. ஆனால் 12 ஆம்பியரில் 5 மில்லி ஆம்பியரைக் கண்டுபிடிப்பது, 2400 ரூபாய்க் கணக்கில் ஒரு ரூபாய் குறைவதைக் கண நேரத்தில் கண்டுபிடிக்கும் வேலை. அதுவும் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி.

இம்முயற்சி பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆழ்ந்த தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் 1950களின் நடுவில் இத்தகைய கருவியை அமைத்தார். முதலில் 250 மில்லி ஆம்பியரில் இயங்கியதை, 1956இல் 20 மில்லி ஆம்பியருக்கும் கீழே கொண்டு வந்தார். ஆஸ்திரியாவில் இயற்பியலறிஞர் கோட்பிரீட் பீகல்மையர் 1957இல் ஒன்றை உருவாக்கினார். மின்னோட்டத்தின் விளைவை அறியத் தம் உடலையே சோதனைக் களமாக்கிக் கொண்டவர் அவர். டால்ஸீல் 1961இல் தம் கருவியை அமைத்தார். 1965இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்நாளில் புதிதாக வந்திருந்த குறைகடத்திச் சாதனத்தின் துணையால், அதை 5 மில்லி ஆம்பியர் அளவில் இயங்கச் செய்தார். இந்த 5 எங்கிருந்து வந்தது என்று நீங்களே இப்போது சொல்லி விடுவீர்கள். இன்றும் அமெரிக்கக் கருவிகள் 4க்கும் 6க்கும் இடைப்பட்ட அளவில் துண்டிக்கின்றன.

இக்கருவிக்கு எர்த் கம்பி தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். போனதையும் வந்ததையும் மட்டுமே அது எண்ணுகிறது. எர்த் அறுந்து போன சக்கர வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காவலாளி யார்?

அமெரிக்க விதித்தொகுப்பு 1968இல் நீச்சல் குளத்து நீருக்கடி விளக்குகளுக்கு இக்கருவியைக் கொண்டு வந்தது. 1975இல் குளியலறைத் துளைகளுக்கும், 1978இல் வண்டிக் கொட்டகைகளுக்கும், 1987இல் சமையலறைக்கும் நீட்டித்தது. ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து, அங்குலம் அங்குலமாக! முகாம் தூண்களில் 15, 20 ஆம்பியர்ச் சிறு துளைகளுக்கும் வந்தது. ஆனால் வீட்டு வண்டியே சொருகப்படும் 30, 50 ஆம்பியர்ப் பெரிய துளைகளுக்கு நெடுங்காலம் கட்டாயமாக்கப்படவில்லை.

காரணம் கேட்டால் கோபம் வரலாம். ஆனால் காரணம் பொய்யன்று. ஒரு வண்டியில் கொதிகலன், குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி, மின்கலம் ஏற்றும் கருவி என்று பல உண்டு. பழுதற்ற கருவியும் சிறிது கசியும். பத்துக் கருவிகள் தலைக்கு அரை மில்லி ஆம்பியர் கசிந்தால் மொத்தம் 5. யாருக்கும் ஆபத்தில்லாத வேளையிலும் தூண் துண்டித்துக் கொண்டே இருக்கும். குளிர்காலத்து ஈரம் குடித்த வெப்பத் தண்டு ஒன்றே போதும், முகாம் முழுவதும் கூச்சல் கிளம்ப. அடிக்கடி தொந்தரவு தரும் காவலாளியை மக்கள் கழற்றி எறிந்து விடுவர்.

ஐரோப்பியர் வேறு வழியில் சென்றனர். அங்கு அழுத்தம் 230 வோல்ட். முகாமின் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியே 30 மில்லி ஆம்பியர்க் கருவி வேண்டும் என்பது பன்னாட்டு மின் தொழில்நுட்ப ஆணையத்தின் தரம். 30 என்பது கையை விடும் எல்லைக்கு மேற்பட்டது. பிடித்தவர் தாமே விட முடியாது. ஆனால் இதயம் துடிதுடிக்கத் தொடங்குமுன் கருவி அவரை விடுவித்து விடும். வலி இருக்கும், உயிர் பிழைக்கும். அமெரிக்கர் சிறு துளையில் வலியும் வேண்டாம் என்றனர், பெரிய துளையில் எர்த் கம்பியை மட்டும் நம்பினர். என்னைக் கேட்டால், இவ்விஷயத்தில் ஐரோப்பிய வழியே மேல் என்பேன். நம் நாட்டு வீடுகளில் பொருத்தப்படுவதும் பெரும்பாலும் இந்த 30 மில்லி ஆம்பியர்க் கருவியே. அதன் முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும்; மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இக்கருவி எனக்கு ஏட்டறிவாகவே இருந்தது, சில ஆண்டுகளுக்கு முன்வரை. வாடகைக்குக் குடியிருந்த ஒரு வீட்டில், 'என்னப்பா, குழாயைத் தொட்டா எறும்பு கடிக்கற மாதிரி இருக்கே' என்று அம்மா சொன்னார்கள். வெந்நீர்க் கருவியின் சொருகிக்கு மூன்று முனைகள் இருந்தன. சுவரில் துளைகளும் மூன்று இருந்தன. தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாம் துளையின் பின்னால் கம்பியே இல்லை. எர்த் கம்பியைப் பற்றி வகுப்பில் முழங்கும் நான், குடி வந்த நாளில் அதைப் பார்க்கவில்லை. எறும்பு கடிப்பது போன்ற அந்த உணர்ச்சி ஒரு மில்லி ஆம்பியர் அளவில் தொடங்குவது. தண்டின் விரிசல் இன்னும் சற்றுப் பெரிதாகியிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

முகாம்களுக்குச் செல்லும் அனுபவசாலிகள் இப்போது ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றனர். வண்டியை நிறுத்தியதும் முதலில் தூணைச் சோதிக்கும் சிறு கருவியைச் சொருகி, கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா, எர்த் இருக்கிறதா என்று பார்க்கின்றனர். பிறகே வடத்தை இணைக்கின்றனர். கொதிகலனில் நீர் நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றில்லாமல் நீர் வழியக் கண்ட பின்னரே தண்டின் சுவிட்சைப் போடுகின்றனர். கடைசியாக, பேனா அளவுள்ள, தொடாமலே மின் அழுத்தத்தை உணரும் சோதனைக் கோலை எடுத்து, செருப்பணிந்த காலோடு, வண்டியின் உலோகத் தோலுக்கு அருகே கொண்டு செல்கின்றனர். நுனி ஒளிர்ந்தால் வண்டிக்குள் ஏறி எதையும் அணைக்க முற்படுவதில்லை. உள்ளே இருப்பவர்களை அங்கேயே அசையாமல் இருக்கச் சொல்லி விட்டு, வண்டியைத் தொடாமல் நேரே தூணுக்குச் சென்று, அங்குள்ள முறிப்பானைத் தள்ளி, வடத்தைப் பிடுங்குகின்றனர்.